ஊத்தையல்ல, உரஞ்சாதீர்கள்

திருகோணமலையில் பிள்ளையின் பிடரி கறுத்தால் தாய் சொல்லும் முதல் வார்த்தை, "ஒழுங்காகக் குளிக்கிறேல்ல, ஊத்தை பிடிச்சிருக்கு." ஆசிரியை அதையே வகுப்புக்கு முன்னால் சொல்லுவார். பிறகு வைத்தியம் தொடங்கும்: தேசிக்காய், அப்பச்சோடா, பீர்க்கந்தும்பு. கவரிங் சங்கிலியால் வந்தது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகப் பக்கத்தில் பழி உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் போகும். தோல் கிளினிக்கில் இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

உப்புக்காற்றும் வெயிலும்தான் காரணமென்றால் முதலில் கறுக்க வேண்டியவை நெற்றியும் புறங்கையும். இந்தக் கறுப்போ பிடரியில் தொடங்கி அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் போகிறது. வெயில் எப்போது அக்குளுக்குள் புகுந்தது? கடற்கரையில் வலை இழுப்பவரின் முதுகும் கறுத்துத்தான் இருக்கும், ஆனால் தோல் தடித்திருக்காது. நான் சொல்லும் கறுப்பு வெல்வெட் துணிபோலத் தடித்து, வரிவரியாக மடிந்திருக்கும். ஊத்தையா என்று சந்தேகமிருந்தால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். ஊத்தை என்றால் பஞ்சோடு வரும், இது வராது. சங்கிலி ஒவ்வாமை அரிக்கும், சிவக்கும். சங்கிலியே போடாத பையனுக்கும் பிடரி கறுப்பது எப்படி?

இதற்கு அகந்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ் என்று பெயர். பெரும்பாலானவர்களில் இது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். தசையும் ஈரலும் இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின் தோல் கலங்களையும் தூண்டிப் பெருகவைக்கிறது. தோல் தடிக்கிறது, கறுத்துத் தெரிகிறது. உரஞ்ச உரஞ்ச இன்னும் தடிக்கும். கடும் இன்சுலின் எதிர்ப்புக்கும் இந்தக் கறுப்புக்கும் உள்ள உறவை ரொனால்ட் கான் குழுவினர் 1976இலேயே எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

"சுகர் பார்த்தம் டொக்டர், நோர்மல்" என்று ரிப்போட்டை நீட்டுவார்கள். கணையம் ஈடுகொடுக்கும்வரை வெறுவயிற்றுச் சீனி நோர்மலாகத்தான் இருக்கும். சீனி வருத்தம் வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இந்தக் கறுப்பின் பெறுமதி. 2005-06இல் நடந்த தேசிய ஆய்வில், வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருந்தது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றிலொருவருக்கு அது அதுவரை தெரிந்திருக்கவில்லை. போர்க்காலமாதலால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. நமது நிலை அதைவிட நல்லது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பெண்பிள்ளைக்குக் கறுப்போடு மாதவிடாயும் தவறி, முகத்தில் மயிரும் வளர்ந்தால் சூலகங்களையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு வந்ததும் வாங்குவதோ வெள்ளையாக்கும் கிறீம். அவற்றில் சில இரசம் கலந்தவை, சிறுநீரகத்தைக் கெடுப்பவை. ஸ்டீரொயிட் கலந்தவை தோலை மெலியவைக்கும்.

எல்லாக் கறுப்பும் சீனியைக் காட்டுவதல்ல. மெலிந்துவரும் வயதானவருக்கு இது திடீரென்று தோன்றி, உதடு, உள்ளங்கைவரை பரவினால் வயிற்றுப் புற்றுநோயைத் தேட வேண்டும். அங்கே ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. உடம்பெல்லாம் அரித்தால் "இரத்தம் கெட்டுப்போச்சு" என்று பேதிக்குக் குடிப்பார்கள். தடிப்போ சிரங்கோ இல்லாமல் வாரக்கணக்கில் அரித்தால் பார்க்க வேண்டியவை ஈரல், சிறுநீரகம், தைரொயிட். பதவிசிறிபுர போன்ற சிறுநீரக நோய் மலிந்த பகுதிகளும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கண்ணிமையில் மஞ்சள் படிவு தெரிந்தால் உள்ளியை அரைத்துப் பூசிக் கண்ணைக் கெடுக்காமல் கொலஸ்ட்ரோலைப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தாராளமாகக் குளியுங்கள், சுகமாக இருக்கும். ஆனால் தொட்டால் உணர்வில்லாத வெளிறிய தேமல் தொழுநோயாக இருக்கலாம். ஏழு கிணற்றிலும் மாறிமாறிக் குளித்தாலும் அது போகாது. அதற்கு மருந்து அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது.

பிடரிக் கறுப்புக்கு நான் முதலில் எழுதிக்கொடுப்பது கிறீம் அல்ல. நிறை குறைந்தால் இன்சுலின் குறையும், கறுப்பும் மெல்ல மெல்ல மங்கும். நிறை எப்படிக் குறையும்? நம் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானதோடு விளையாட்டு முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம், ரியூசன், கதிரை, கட்டில். மெக்கெய்சர் மைதானத்தில் மாலையில் ஓடுபவர்களிடையே அவர்களைத் தேடிப் பாருங்கள். பாடசாலையில் கிடைக்கும் ஒரேயொரு உடற்பயிற்சிப் பாடவேளையையும் பரீட்சை நெருங்கியதும் கணித ஆசிரியர் கேட்டு வாங்கிவிடுகிறார். அதிபர்மாரே, அந்தப் பாடவேளையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.