சுவர்தான் முதல் விளம்பரம்
வர்ணம் பூசும் தொழிலுக்கு வேலை தேடுவது எப்படி?

காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு உழைக்கும் கைகள் இருக்கின்றன. ஆனால் அவர்களை அறிந்த அயலவர் இல்லை. சொந்த ஊரில் "இன்னாருடைய மகன்" என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. புதிய இடத்தில் அந்தச் சொல் செல்லாது.

வர்ணம் பூசும் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. பிரஷ், ரோலர், ஏணி, வாளி இருந்தால் தொடங்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் வீட்டைத் திறந்துவிட எவரும் தயங்குவர். எனவே இத்தொழிலில் விளம்பரம் என்பது நம்பிக்கையைச் சம்பாதிப்பதே. அதற்கான வழிகளை ஆராய்வோம்.

1. காலம் அறிந்து கேளுங்கள்

சப்ரகமுவவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைவு. ஏப்ரல் நடுப்பகுதியில் வரும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பு சிங்களவரும் தமிழரும் வீட்டைப் புதுப்பிப்பர். ஆகவே ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள். மழைக்காலத்துக்கு உட்சுவர் வேலைகளை ஒதுக்குங்கள்.

2003, 2017 ஆம் ஆண்டுகளில் மே மாத வெள்ளம் இரத்தினபுரியைச் சூழ்ந்தது. வெள்ளம் வடிந்த சுவர் நன்கு காயுமுன் பூசினால் வர்ணம் உரிந்துவிடும். "சுவர் காயட்டும், பிறகு பூசலாம்" என்று சொல்பவருக்கு அன்றைய கூலி போகலாம். ஆனால் அவருடைய சொல்லை அந்த வீட்டார் மறக்கமாட்டார்கள்.

2. யாரிடம் சொல்வது?

புது வீடு எங்கே எழும்புகிறது என்பதை முதலில் அறிபவர்கள் மேசன் பாஸும் ஹாட்வெயார் கடைக்காரரும். உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம், செய்யும் வேலை ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். அட்டை இரு மொழியிலும் இருக்கட்டும். சிங்களம் நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டிப் பிழை திருத்துங்கள். சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் நடத்துவதானால் பிரதேச செயலகத்தில் அப்பெயரைப் பதிவு செய்யவேண்டும்.

3. கணக்கை எழுதிக் கொடுங்கள்

12 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களும் சேர்ந்து 352 சதுர அடி. இரண்டு தடவை பூச 704 சதுர அடி. ஒரு லீற்றர் எமல்ஷன் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும். ஆகவே சுமார் 7 லீற்றர் தேவை. கரடான சுவர் இன்னும் கூடக் குடிக்கும்.

பெயின்ட் செலவு, கூலி, நாட்கள், முற்பணம் என்பவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கடைப் பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காகக் கூலியை அளவுக்குமீறிக் குறைக்காதீர்கள். "மலிவான ஆள்" என்று ஒருமுறை பெயர் எடுத்தால் அதை மாற்றுவது கடினம்.

4. முடித்த வேலை பேசட்டும்

பாசியைச் சுரண்டிக் கழுவாமல் மேலே பூசாதீர்கள். தரையில் சிந்தியதைத் துடையுங்கள். மீதிப் பெயின்டை வீட்டுக்காரரிடமே ஒப்படையுங்கள். அவருடைய அனுமதியுடன், வேலைக்கு முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அடுத்த வீட்டில் காட்ட அது உதவும். முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை போய்ச் சுவரைப் பாருங்கள். குறை இருந்தால் திருத்திக் கொடுங்கள். "உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்க அதுவே தகுந்த நேரம். அப்போது "இன்னாருடைய வீட்டுக்குப் பூசியவர்" என்ற புதிய சொல் உங்களுக்குக் கிடைக்கும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நம் பகுதியில் இப்போது எத்தனை வீடுகள் கட்டப்படுகின்றன? அவற்றின் மேசன்மார் யார்?
2. நம் குழுவில் சிங்களம் எழுதத் தெரிந்தவர் யார்?
3. மாதிரியாகக் காட்ட, நாம் முதலில் எந்தப் பொதுச் சுவருக்கு வர்ணம் பூசலாம்?