செவிலியரும் மனச்சாட்சியும்

ஊரில் துணை சுகாதார நிலையம் அமைந்துவிட்டால் சுகாதார வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கட்டடம், மருந்து, பதிவேடு ஆகிய மூன்றையும் கண்ணாற் காணலாம். ஆயினும் நோயாளியைக் காப்பதற்கு நான்காவது ஒன்றும் தேவை. அதுவே செவிலியரின் மனச்சாட்சி.

சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை நிலையம் என்பது நியதி. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகத் தனியே செல்கிறார். அவர் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் அருகிலிருந்து பார்ப்பவர் இல்லை.

இரண்டு உதாரணங்களைக் காண்போம். கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தை அளக்குமுன் அவரைச் சிறிது நேரம் அமர்த்தி இளைப்பாறச் செய்தல் வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில், அளக்காமலே சென்ற மாதத்து எண்ணை எழுதிவிட்டால் பதிவேட்டில் குறை தோன்றாது. ஆனால் அன்று அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்திருப்பின், அபாய அறிகுறி மறைந்துபோகும். வலிப்புக் கண்ட பின்னரே வீட்டார் அறிவர்.

தட்டம்மைத் தடுப்பு மருந்தைக் கரைத்த 4 மணி நேரத்திற்குப் பின் உபயோகித்தல் கூடாது. அதிற் கிருமிகள் பெருகக்கூடும். நேரங்கடந்து ஒரு தாய் குழந்தையுடன் வருகிறாள். பழைய குப்பியில் மருந்து மீதி இருக்கிறது. அதை எறிந்துவிட்டு, அந்த ஒரு குழந்தைக்காகப் புதுக் குப்பியைத் திறக்கச் சொல்வது மனச்சாட்சியே.

ஆனால் மனச்சாட்சிக்கு இடையூறு செய்வோர் பல சமயங்களில் நாமே. கிராமங்களைப் பார்வையிடும்போது, பதிவேட்டில் காலியாக உள்ள கட்டத்தைக் கண்டு காரணம் கேட்பது அலுவலர்களாகிய நம் வழக்கம். நிரம்பிய கட்டம் மெய்யா என்று நாம் கேட்பதில்லை. "அளக்கவில்லை" என்று உண்மை எழுதியவர் கண்டிக்கப்பட்டால், அடுத்த மாதம் பொய் எழுதவே கற்றுக்கொள்வார். இதனை நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் கடமைகள் உண்டு. நிலையத்திற்கு விளக்கும் தண்ணீரும் குறையாமற் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டியவரை வரிசைக்கு முன்னே பார்க்கும்படி கேளாதீர்கள். இன்னாருக்கு என்ன நோய் என்று செவிலியரிடம் விசாரியாதீர்கள். அவர் சொல்ல மறுத்தால் அதனை மதியுங்கள். பதினெட்டு நிரம்பாத பெண்ணின் வயதைக் கூட்டி எழுதும்படி வற்புறுத்தாதீர்கள்.

மனச்சாட்சியைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது. ஆயின் அது அஞ்சாமல் வேலை செய்யும் சூழ்நிலையை உண்டாக்குவது நம் கையில் உள்ளது. அடுத்த முறை நிலையத்திற்குச் செல்லும்போது, "எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?" என்பதோடு, "உங்களுக்கு என்ன குறை?" என்றும் கேட்போமாக.