மலைவழியும் நாயின் கயிறும்

கொல்கத்தா நகரில் குன்றில்லை. ஆகவே விடுமுறை கிடைத்த குடும்பத்தார் ஹவுராவில் இரயிலேறிப் புருலியா மாவட்டத்து அயோத்தியா மலைக்குச் செல்வதுண்டு. சாலமரக் காட்டினூடே பிள்ளைகளும் வளர்ப்பு நாயுமாக ஏறுவது இன்பமே. பகவான் பிறந்ததும் பரிநிர்வாணமுற்றதும் சாலமரங்களின் கீழன்றோ!

ஆயின் அன்பர்களே, வைசாகப் பௌர்ணமியன்று அம்மலையில் நிகழ்வது யாதென அறிவீரோ? சந்தால் மக்கள் வில்லும் நாயுமாக வேட்டைக்கு ஏறுவது அந்நாளின் நெடிய மரபு. அவர்களை இழித்துரைத்தல் தகாது. வேட்டைக்காலத்தில் கூடும் சபையே அவர்தம் உயர்ந்த நியாயசபை. எனினும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிற்று; 2019-இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் சடங்கு வேட்டையைத் தடுக்க ஆணையிட்டது.

நமது செல்ல நாயோ? கயிறவிழ்த்தால் அதுவும் முயலைத் துரத்தும். கொலைக்குற்றம் நிறைவதற்கு உரையாசிரியர் ஐந்து அங்கங்கள் கூறினர்: உயிர் இருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் இறத்தல். எண்ணமின்றி அவிழ்த்தவனுக்குச் சீலம் முறியவில்லை என்பது மெய்யே. ஒருமுறை கண்டபின் மறுமுறையும் அவிழ்த்துவிட்டு, 'எண்ணமில்லை' என்பானாயின் அதனை நான் ஏற்கேன்.

பல்லால் மட்டுமன்று கேடு. 2018-இல் கிர் காட்டில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, நாய்களைப் பற்றும் டிஸ்டம்பர் நோயின் கிருமி அவற்றுட் சிலவற்றில் கண்டறியப்பட்டது. ஆதலின் புறப்படுமுன் நாய்க்குத் தடுப்பூசி. மலையடிவாரத்திலேயே கழுத்தில் கயிறு. அக்கயிற்றைச் சிறுபிள்ளை கையில் கொடாதீர். முயல் ஓடினால் பிள்ளையும் விழும்.