பட்டு எடுத்த கையோடு ஒரு பகல்: ஆரணியிலிருந்து வேலூர்க் கோட்டை அருங்காட்சியகம்

ஆரணிக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு பகல் கூடுதலாக ஒதுக்குங்கள். கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து ஏறினால் வேலூர் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே அகழி சூழ்ந்த கோட்டை. அதற்குள் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளிலும் இரண்டாம் சனிக்கிழமையிலும் திறக்க மாட்டார்கள், பார்த்துக் கிளம்புங்கள்.

இருப்பது வேலூரில் என்றாலும் இதில் ஆரணிக்கும் பங்கு உண்டு. 1985இல் இது தொடங்கியபோது ஆரணி, போளூர், செங்கம் எல்லாம் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். கோட்டைக்குள் அருங்காட்சியகம் குடிவந்தது 1999இல். அதற்கெல்லாம் முன்பு, இந்தப் பக்கத்தில் கிடைக்கும் அரிய பொருள்கள் 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தைத்தான் நாடிப் போயின. மாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வந்த பிறகே இந்த மண்ணின் பொருள்களைப் பக்கத்திலேயே பார்க்க வாய்த்தது.

உள்ளே போனதும் அந்த வெண்கல வாளைத் தேடுங்கள். பிடியின் முனை, பூச்சியின் உணர்கொம்புகள் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். கி.மு. 400ஐ ஒட்டியது என்கிறார்கள். என்னைக் கேட்டால், இது ஒன்றுக்காகவே பேருந்து ஏறலாம்.

அடுத்து கற்சிற்பங்கள். பிற்காலப் பல்லவர் காலம் தொடங்கிப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. அவசரப்படாமல், காலவரிசையில் பழையதிலிருந்து வாருங்கள். முகத்தைப் பார்த்த பிறகு இடுப்புத் துணியைப் பாருங்கள்: மடிப்பு எப்படி விழுகிறது, கரை எங்கே ஓடுகிறது என்று. கரையும் முந்தியும் பார்த்துச் சேலை எடுத்து வந்த கண்ணுக்கு இது தானாகவே பிடிபடும்.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இல் சிறைக்கைதியாக இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இறந்தான். அவன் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகையும் இங்கேதான் இருக்கிறது. கால் ஒத்துழைத்தால், கோட்டைக்குள்ளேயே இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் தனி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் இந்த வட்டாரத்தின் பெரும் செல்வம் கூரைக்குள் அடங்காதது. செங்கம் பகுதி நடுகற்களை 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தேடிப் பதிவு செய்தது. எடுத்தனூரில் கிடைத்த கல்லில், வீரனோடு கோவிவன் என்ற நாயும் இடம்பெற்றிருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் அது. பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வயலோரத்தில் படையல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவை அங்கேயே இருப்பதுதான் சரி.

மண்ணுக்குள் கிடப்பவற்றின் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தர அதே சட்டத்தில் வழி உண்டு. கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ ஒரு சிலையோ காசுக் குடமோ தட்டுப்பட்டால், தேய்த்துக் கழுவாதீர்கள், விற்றுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.