மொழி மாற்றும் பொத்தான்: தளம் நடத்துவோருக்குச் சில குறிப்புகள்

அப்பா ஓர் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நாலைந்து பக்கம் தாண்டி ஒருவழியாகக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. மேல் மூலையில் 'தமிழ்' என்று இருந்ததைத் தட்டினார். தமிழ் வந்தது, ஆனால் முகப்புப் பக்கம். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். "நீயே பாத்துச் சொல்லுப்பா" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார். மொழிப் பொத்தான் அமைக்கும் வேலையில் உட்காரும்போதெல்லாம் அந்த நீட்டிய கைதான் நினைவுக்கு வருகிறது. வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங் பிளகின் போட்டுத் தளம் நடத்துபவர்களை வைத்தே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. தட்டினால் அதே பக்கம்தான் வேறு மொழியில் வர வேண்டும். பாலிலாங்கில் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் மொழிபெயர்ப்போடு இணைத்திருந்தால் இது தானாக நடக்கும். இணைக்காமல் விட்ட பக்கத்தில் தட்டினால் அந்த மொழியின் முகப்புக்குத் தள்ளிவிடும். அப்பாவுக்கு நேர்ந்ததும் அப்படித்தான் இருக்கும். மொழிப் பட்டியலைக் காட்டும் 'பிஎல்எல்_தி_லாங்குவேஜஸ்' என்ற ஃபங்ஷனில் 'ஹைட்_இஃப்_நோ_டிரான்ஸ்லேஷன்' என்பதற்கு 1 கொடுத்தால், மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் அந்த மொழியின் பெயரே தெரியாது. எனக்கு அதிலும் முழுத் திருப்தி இல்லை. அதற்குப் பதில் அதே ஃபங்ஷனில் 'ரா' என்பதற்கு 1 கொடுத்தால் மொழிகளின் விவரம் அர்ரேயாகக் கைக்கு வரும். அதில் 'நோ_டிரான்ஸ்லேஷன்' உண்மை என்று இருந்தால், "இந்தப் பக்கம் தமிழில் இன்னும் வரவில்லை" என்று ஒரு வரி காட்டுங்கள். வாசகர் வீணாகத் தேட மாட்டார்.

2. பொத்தானுக்கான நிரல் வரிகளைச் சைல்ட் தீமின் ஹெடர் ஃபைலில் போடுங்கள். மூலத் தீமில் போட்டால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். 'ரா' இல்லாமல் அழைத்தால் 'பிஎல்எல்_தி_லாங்குவேஜஸ்' எல்ஐ வரிகளை மட்டுமே தரும். சுற்றி யுஎல் டேகை நீங்கள்தான் போட வேண்டும். அழைக்கும் முன் 'ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ்' வைத்துச் சோதித்துவிடுங்கள். இல்லையென்றால் பிளகினை நிறுத்திய அன்று தளமே படுத்துவிடும்.

3. மொழியின் பெயர் அந்தந்த எழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்குத்தானே இந்தப் பொத்தான்? அதையே ஆங்கில எழுத்தில் எழுதி என்ன பயன்?

4. கொடிப் படம் வேண்டாம். இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள், கொடி ஒன்றுதான். தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும்கூட ஆட்சிமொழி. எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

5. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். ஜாவாஸ்கிரிப்டால் எழுத்தை மட்டும் மாற்றினால், தமிழில் படித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எதிராளிக்கு ஆங்கிலம்தான் திறக்கும்.

6. பக்கத்தின் ஹெச்டிஎம்எல் டேகில் 'லாங்' பண்பைச் சரியாகக் குறியுங்கள். தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்து. சிங்களத்துக்கு எஸ், ஐ. ஆங்கிலம் என்று குறித்த பக்கத்தில் தமிழ் இருந்தால், பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலில் அதை வாசிக்கப் பார்த்துத் தடுமாறும். தேடுபொறிக்கான 'ஹெச்ரெஃப்லாங்' குறிப்பைப் பாலிலாங்கே சேர்த்துவிடும். கையால் எழுதுபவர்கள், ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற மொழிப் பக்கங்களோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்டாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது.

7. ஊரைப் பார்த்து மொழியைத் திணிக்காதீர்கள். சென்னையில் இருப்பவர் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் இல்லை. ஒருமுறை தேர்ந்ததைக் குக்கீயில் வைத்துக்கொண்டால் போதும்.

8. செல்போனில் மூன்று கோட்டு மெனுவுக்குள் பொத்தானை ஒளிக்காதீர்கள். அந்த மெனுவைத் திறக்கத் தெரியாதவருக்குத்தான் இது அதிகம் தேவை.

9. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் அடங்காது. உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டால் 'ழி'யின் மேல்சுழி வெட்டுப்படும், 'ரூ'வின் அடிப்பகுதி மறையும். அகலம், உயரம் இரண்டையும் விட்டுவிட்டுப் பேடிங் மட்டும் கொடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் தமிழுக்கென்று தனியாக லைன்-ஹைட்டை 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். விரலுக்கு எட்டும்படி 44 பிக்சல் இடமாவது இருக்கட்டும். வயதானவர்களின் விரல் பக்கத்து மொழியில் பட்டுவிடக் கூடாது.