தாடையிலிருந்து செவிக்கு

ஒரு சிறு சோதனை. காதுத் துளைக்குச் சற்று முன்னால் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரிகிறதல்லவா? அதுதான் உங்கள் தாடைக் கீல். அதற்குப் பின்னால், மிக அருகிலேயே, நடுச்செவியில் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் இருக்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இவற்றுள் சுத்தியும் பட்டடையும் நம் தொல் மூதாதைகளின் வாயில் தாடைக் கீலாக வேலை செய்தவை என்றால் நம்புவீர்களா?

இயற்பியல் ஆசிரியனுக்கு எலும்புகளோடு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த எலும்புகள் செய்வது முழுக்க முழுக்க இயற்பியல் வேலை. கிணற்றில் மூழ்கியிருக்கும்போது மேலே நிற்பவர்கள் கூப்பிட்டால் சரியாகக் கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலி நீரின் பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது. மற்றதெல்லாம் எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. நம் உட்செவியிலும் திரவமே நிரம்பியிருக்கிறது. ஆகவே செவிக்குள்ளும் இதே இடையூறு உண்டு. இதைத் தீர்ப்பவை அந்த மூன்று எலும்புகள். செவிப்பறையில் அதிரும் பகுதியின் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடி அழுத்தும் உட்செவிச் சாளரத்தின் பரப்போ 3.2 சதுர மில்லிமீட்டர்தான். பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் சுமார் 17 மடங்காகிறது. சுத்தியும் பட்டடையும் சேர்ந்து நெம்புகோலாக வேலை செய்வதால் இன்னொரு 1.3 மடங்கு கிடைக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 22 மடங்கு!

பல்லிக்கும் பறவைக்கும் நடுச்செவியில் ஒரே ஓர் எலும்புதான், அதாவது நம் அங்கவடிக்கு இணையானது. பாலூட்டிகளுக்கு மட்டுமே மூன்று. மாறாக, பல்லியின் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கத்திலும் பல எலும்புகள். நமக்கு ஒன்றே ஒன்று. தாடையில் குறைந்ததும் செவியில் கூடியதும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாக இருக்குமோ?

இருக்கும் என்று முதலில் கண்டவர் கார்ல் ரைகர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலார். 1837-இல் அவர் பன்றிக் கருக்களை வளர்ச்சியின் படிப்படியான நிலைகளில் அறுத்துப் பார்த்தார். கருவின் கீழ்த்தாடையில் முதலில் ஒரு குருத்தெலும்புத் தண்டு தோன்றுகிறது. அதன் பின்முனைதான் சுத்தி எலும்பாகிறது. பல்லியின் கருவிலோ அதே பின்முனை தாடைக் கீலின் கீழ்ப்பாதியாகிறது. அவ்வாறே கீலின் மேல்பாதிக்கு இணையானது பட்டடை. டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பரிணாமம் என்ற விளக்கம் கைக்கு வருமுன்பே இந்த ஒற்றுமை கண்ணில் பட்டுவிட்டது.

ஆனால் பரிணாமம் என்று சொன்னவுடன் ஒரு வலுவான கேள்வி எழுந்தது. கீல் இல்லாமல் விலங்கு எப்படிக் கடிக்கும்? பழைய கீலை விட்டுவிட்டுப் புதிய கீல் உருவாகும் வரை அது பட்டினி கிடக்குமா? நியாயமான கேள்விதான். இதற்குக் கருவைப் பார்த்து விடை சொல்ல முடியாது. பாறைகளைத்தான் கேட்க வேண்டும்.

பாலூட்டிகள் ஊர்வனவற்றிலிருந்து வந்தன என்று பல புத்தகங்களில் காணலாம். அது அவ்வளவு சரியல்ல. நம் கிளையும் பல்லி, முதலை, பறவை ஆகியவற்றின் கிளையும் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. முதுகில் பாய்மரம் போன்ற துடுப்புடன் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைமெட்ரோடானைப் படங்களில் டைனோசராக எண்ணியிருப்பீர்கள். அது நம் கிளையைச் சேர்ந்தது! அதன் கீழ்த்தாடையில், பற்களைத் தாங்கும் எலும்புக்குப் பின்னால் வேறு பல எலும்புகள் பெரிதாகவே இருந்தன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், பேரழிவு ஒன்று வந்து பெரும்பாலான உயிரினங்களைத் துடைத்தெறிந்தது. அதற்குப் பின் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த திரினாக்சோடானில் பல்லெலும்பு தாடையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, பின்னெலும்புகள் மெலிந்து ஒதுங்கி நின்றன. மெலிந்த எலும்பு எளிதில் அதிரும். அவை கீலாக இருந்துகொண்டே ஒலியையும் கடத்தியிருக்க வேண்டும் என்று 1975-இல் எட்கர் ஆலின் விளக்கினார்.

கடைசிப் பூட்டைத் திறந்தவை இரு கீல்கள் கொண்ட விலங்குகள். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒன்றுக்கு, இரு கீல் தாடை என்றே பொருள்படும்படி, 1958-இல் டயார்த்ரோக்னாதஸ் என்று பெயரிட்டார்கள். வேல்ஸ் நாட்டில் கிடைத்த மோர்கனுகோடான் இன்னும் தெளிவான சான்று. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, மூஞ்சூறு போன்ற சிறு பிராணி அது. அதன் தாடையில் பழைய கீலும் இருந்தது. அதையொட்டிப் பல்லெலும்பும் மண்டையோடும் சந்திக்கும் புதிய கீலும் இருந்தது. ஆற்றுப் பாலம் பழுதானால் என்ன செய்கிறோம்? பக்கத்தில் புதுப் பாலம் கட்டி முடிக்கும்வரை பழைய பாலத்திலேயே வண்டிகள் ஓடுகின்றன. பட்டினிக்கு இடமே இல்லை.

பளு சுமக்கும் வேலை நீங்கிய எலும்புகள் மேலும் சிறுத்தன. அவை ஒலியை மட்டும் கடத்தினால் போதும். நிறை குறையக் குறைய விரைவான அதிர்வுகளுக்கு அவை ஈடுகொடுக்கும். ஆகவே உயர்ந்த அதிர்வெண்கள் கேட்கத் தொடங்கின. பெரும்பாலான பறவைகளுக்கு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. நமக்கு 20,000 வரை கேட்கும். வௌவால்களில் பல 1,00,000-ஐயும் தாண்டிவிடும். பாலூட்டிகள் தம் வரலாற்றில் மூன்றில் இரண்டு பங்கை டைனோசர்களின் காலத்தில், பெரும்பாலும் சிறு உருவில், இரவு நடமாட்டத்தில் கழித்தவை. இருட்டில் பூச்சியின் மெல்லிய சரசரப்பைக் கேட்பவனுக்குத்தான் உணவு.

2007-இல் சீனாவில் கண்டெடுத்து விவரிக்கப்பட்ட யானோகோனோடான், 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் செவி எலும்புகள் செவிக்குரிய வடிவத்தை அடைந்துவிட்டன. ஆனால் ஒரு மெல்லிய தண்டினால் தாடையோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தண்டு வேறெதுவும் இல்லை, ரைகர்ட் பன்றிக் கருவில் பார்த்த அதே குருத்தெலும்பின் எலும்பான உருவம்! இந்தத் துண்டிப்பு ஒரே ஒரு முறை நிகழவில்லை, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்தது என்பதும் இன்று தெரிகிறது. பையுடைய விலங்கான ஓப்பாசம் குட்டியைப் பாருங்கள். அது பிறக்கும்போது புதிய கீல் உருவாகியிருப்பதில்லை. சுத்தி தாடையோடு சேர்ந்தே இருக்கிறது. பால் குடித்து வளரும் வாரங்களில்தான் பிரிகிறது.

நம் நாட்டுப் பாறையும் செவி பற்றி ஒரு செய்தி வைத்திருந்தது. காஷ்மீரின் தெற்கே, காலாகோட் பகுதியில், புவியியலார் ஏ. ரங்கா ராவ் சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் கண்டு, 1971-இல் அந்த விலங்குக்கு இந்தோஹையஸ் என்று பெயரிட்டார். சிறிய மான் போன்ற, குளம்புள்ள பிராணி. காலம் சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அவர் சேர்த்து வைத்திருந்த பாறைகள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைவுக்குப் பின் அவை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் சென்றன. அங்கே ஒரு மண்டையோட்டின் செவிப்பகுதி தெரியவந்தபோது, அதன் எலும்புச் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. அத்தகைய தடிப்பு அதுவரை திமிங்கிலங்களிலும் அவற்றின் மூதாதைகளிலும் மட்டுமே அறியப்பட்டிருந்தது. குளம்புள்ள இந்தப் பிராணி திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007-இல் அறிவித்தார்கள்.

திமிங்கிலம் கடலுக்குப் போனபோது நம் கிணற்றுக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒலி நீரில் வருகிறது. உடலும் ஏறக்குறைய நீர் போன்றதே. காற்றுக்கென அமைந்த செவித்துளையும் செவிப்பறையும் அங்கே பயன்படவில்லை. டால்பின் போன்ற பல்லுள்ள திமிங்கிலங்களில் ஒலி வேறொரு வழியில் உட்செவிக்குச் செல்கிறது. கீழ்த்தாடையின் பின்பகுதி மெல்லிய சுவராகி, உள்ளே கொழுப்பு நிறைந்து, செவி எலும்பு வரை நீண்டிருக்கிறது. ஒலி நுழையும் வாசல் அங்கே மறுபடியும் தாடைதான்.