பனிக்காலத்தில் மான் எங்கே போகிறது?

நவம்பர் நடுவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளில் வெள்ளைவால் கிடாக்களுக்கு வேறு நினைப்பே இருக்காது. பட்டப்பகலிலும் பெண் மானின் வாடையைப் பிடித்துக்கொண்டு ஓடும். டிசம்பர் பிறந்ததும் அதே காட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. மான் போய்விட்டது என்று பலர் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். அது அவசரப்படுவது.

மான் எங்கும் போகவில்லை, பசியோடு பதுங்கியிருக்கிறது. இணைசேரும் நாட்களில் சரியாக மேயாமல் அலையும் கிடா தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். போதாததற்கு, நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் காடெங்கும் ஆள் நடமாட்டம். தப்பிப் பிழைத்தவை பகலில் அடர்ந்த புதருக்குள் படுத்திருந்து அந்தி சாயும்போதுதான் எழும்.

இனி மானைத் தேடுவதைவிட அதன் தீனியைத் தேட வேண்டும் என்பதே பழகிய வேட்டைக்காரர்களின் கணக்கு. அறுக்காமல் விட்ட மக்காச்சோளம், சோயா வயல், செவ்வோக் மரத்தடி. செவ்வோக்கின் கொட்டை துவர்ப்பு மிகுந்தது. வெள்ளோக் கொட்டைகள் தீர்ந்த பிறகே மான் அதற்கு வரும். அந்த மரத்தடியில் குளம்பால் பனியைக் கிளறி, கறுத்த சருகு தெரியும்வரை தோண்டியிருக்கிறதா, பக்கத்தில் கிடக்கும் புழுக்கை இன்னும் ஈரமாக மினுங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் இடம் சரி.

படுக்கை பெரும்பாலும் வெயில் படும் தெற்குச் சரிவிலோ, காற்றைத் தடுக்கும் ஊசியிலை மரங்களுக்கு நடுவிலோ இருக்கும். பனியில் நீள்வட்டமாக அழுந்திய குழி, உடற்சூட்டில் இளகி மறுபடி உறைந்த தரை, ஒட்டிக்கிடக்கும் ஓரிரு முடி. உள்ளே காற்று நிறைந்த முடி அது. அதனால்தான் மானின் முதுகில் விழும் பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. படுக்கையைக் கண்டதும் அதை நெருங்காமல் விலகிப் போவதே நல்லது.

விடியலில் வயலை நோக்கி நடந்தால் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் கலைந்துவிடும். பிற்பகலில் போய், படுக்கைக்கும் தீனிக்கும் இடைப்பட்ட வழியில் உட்காருவது மேல். காற்று அமைதியான மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். மேட்டில் இருப்பவரின் வாடையைப் பள்ளத்தில் வரும் மான் பிடித்துவிடும்.

நவம்பரில் சினைப்படாத பெண் மான் ஏறக்குறைய 28 நாளில் மீண்டும் பருவத்துக்கு வரும். டிசம்பர் நடுவில் சில கிடாக்கள் வெளிச்சத்திலேயே தலைகாட்டுவது அதனால்தான். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காருவது வீண். தீனி இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெண் மானும் வரும்.

சுட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி. 2002இல் இந்த மாநிலத்து மான்களிடம் மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோய் கண்டறியப்பட்டது. நோய் பரவிய பகுதியில் சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியே உறையவைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானால் அதைச் சமைக்கவே கூடாது.